பேர் எழுதாத சீட்டு

முப்பத்து நாலு வருஷம் எஸ்டேட் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்த மனுஷனிடம் போய், "அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க அங்கிள், உங்க வார்த்தை வேண்டாம்" என்றால் அவர் என்னதான் செய்வார்? குகனேஸ்வரனுக்குப் பிழைப்பே அதுதானே. தேயிலைக் காட்டில் ஒருவன் பத்து நிமிஷம் தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போவான். இவர் அதை மலாயில் இரண்டே வரியில் அடக்கி, முத்து முத்தாக எழுதி, துரை மேசையில் வைத்துவிடுவார். கத்தினவனுக்கு அதைப் படித்துக் காட்டினால், இதையா நான் சொன்னேன் என்று அவனே முழிப்பான். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியும் அந்தக் கை இன்னும் அடங்கவில்லை.

கேட்டது மிஸ் லிம். ஈப்போவில் பிறந்து, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். மலைச்சரிவில் வேலை செய்கிறவர்கள் பக்கத்து ஆளை எதை வைத்து எடை போடுகிறார்கள், யாரை நம்பிக் கால் வைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வந்திருந்தாள். மலாயில் கேட்டால் எல்லாரும் ஆபீசில் சொல்கிற மாதிரி 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று முடித்துவிடுகிறார்களாம். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே வேண்டும் என்று மொழிபெயர்க்க ஆள் தேடினாள். எஸ்டேட்டில் யாரோ குகனேஸ்வரன் பேரைச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர், மறுபேச்சு இல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆசைப்பட்டு வந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசை, கோபம், பசி எல்லாம் அவரை விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மாடசாமி விஷயம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஜனங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் மாசம், விடிய விடிய மழை. சரிவு ஈரமாக இருந்தால் கொழுந்து வெட்டும் மெஷினை ஏற்றக் கூடாது, கைக்கத்தரியால்தான் வெட்ட வேண்டும் என்பது எஸ்டேட் சட்டம். ஆனால் தொழிற்சாலையில் கொழுந்து பத்தவில்லை. துரை போனில், "ஏதாவது பண்ணு" என்றார். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடித்து எல்லாரும் கலைந்த பிறகு, குகனேஸ்வரன் மாடசாமியை ஸ்டோருக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டு, மெஷினோடு ஏழாம் நம்பர் காட்டுக்குப் போகச் சொன்னார். "ஈரமா இருக்குங்கய்யா" என்றான் மாடசாமி. "வெயில் வந்துரும் லா, போ" என்றார் இவர்.

அந்த மெஷினுக்கு மூன்று ஆள் வேண்டும். இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு தேயிலை நிரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பார்கள், மூன்றாவது ஆள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருவான். மேல்பக்கம் பிடித்த மாடசாமி வழுக்கி உருண்டு, வாய்க்கால் கல்லில் தலை மோதி, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் போய்விட்டான். கீழ்முனை பிடித்த நேபாளத்துக்காரன் அடுத்த மாசமே ஊருக்குப் போய்விட்டான். விசாரணைக்கு அறிக்கை எழுதியது யார்? நம் கிராணியார்தான். 'உத்தரவு இல்லாமல், தன் விருப்பப்படி மெஷினைச் சரிவுக்குக் கொண்டு சென்றார்.' அழகான மலாய், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. செத்தவன் தலையில் பழியைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தவர், அன்றிலிருந்து தின்பது சோறா மண்ணா என்று தெரியாமல்தான் தின்றுகொண்டிருக்கிறார்.

ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லயத்தில் எதிர்ப்பட்டால் "வணக்கங்கய்யா" என்றார்கள். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார்கள். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு போட்டோவும் எடுத்தார்கள். மாடசாமி யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கலாம் அல்லவா? அந்த 'லாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு மனுஷன் மூன்று வருஷம் ஓட்டிவிட்டார்.

பேட்டிக்கு இடம் பழைய ஆயாக் கொட்டகை. தாய்மார் காட்டுக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போன இடம். இப்போது பிள்ளையும் இல்லை, ஆயாவும் இல்லை. ஒரு மேசை, நாலு நாற்காலி, மூலையில் துருப்பிடித்த தராசு. முதல் நாள் மிஸ் லிம் தான் தங்கியிருந்த பிரிஞ்சாங்கிலிருந்து வருவதற்குள் பத்து மணியாகிவிட்டது. பள்ளி விடுமுறை, கியா பார்ம் சந்தைப் பக்கம் வண்டி நகரவில்லை என்று மன்னிப்புக் கேட்டாள். பிறகு பேச்சைப் பதிகிற சின்னக் கருவியை மேசையில் வைத்தாள். அதில் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது.

முதலில் வந்தவன் முருகையா. அன்றைக்கு மாடசாமி பின்னால் பை பிடித்தவன். மிஸ் லிம் எட்டு வெள்ளைச் சீட்டை எடுத்து வைத்து, சீட்டுக்கு ஒரு ஆளாகக் கேட்டாள். ஒன்று நீங்கள். ஒன்று, யாரோடு மெஷின் பிடிக்க உங்களுக்குப் பிடிக்கும்? ஒன்று, உங்களுக்கு மேலே உத்தரவு போடுகிறவர். ஒன்று, இப்போது வேலையில் இல்லாத ஒருவர். அவன் பேர் சொல்லச் சொல்ல, குகனேஸ்வரன் சீட்டில் எழுதிக்கொண்டே போனார். வேலையில் இல்லாதவர் என்றதும் முருகையா "மாடசாமிண்ணன்" என்றான். குகனேஸ்வரன் எழுதினார். கை நடுங்கியிருந்தால்கூட ஒரு ஆறுதல், நடுங்கவில்லை.

அடுத்து, "யார் சொல்லை நம்பி ஈரச் சரிவில் இறங்க மாட்டீர்கள்?" என்று கேட்டாள்.

முருகையா தலையைத் தூக்கித் தகரக் கூரையைப் பார்த்தான். "அதுக்குப் பேரு வேணாங்கய்யா. ஆளு இருக்கு. மனசுல வச்சுக்கறேன், சீட்டைச் சும்மா விடுங்க."

"பரவாயில்லை" என்றாள் மிஸ் லிம். "யார் என்று அவருக்குத் தெரிந்தால் போதும்." தான் கட்டம் போட்டு வைத்திருந்த தாளில் அந்த இடத்தில் ஒரு எக்ஸ் போட்டுக்கொண்டாள்.

இந்த எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர்க் குழாயடியில் ஒருவனை உரி உரியென்று உரிப்பார்கள். ஆனால் அவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அவன் பேரைக் கெட்டதுக்கு எடுக்கவே மாட்டார்கள். மரியாதையா, பயமா என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. குகனேஸ்வரனுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். தெரிந்தும், வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டார்.

பிறகு ஆட்டம் தொடங்கியது. மூன்று சீட்டை எடுத்துப் போட வேண்டும். இதில் எந்த இரண்டு பேர் ஒரு மாதிரி, மூன்றாவது ஆள் எதில் வேறு? அவ்வளவுதான் கேள்வி. பதில் எதுவானாலும் சரிதான், தப்பே கிடையாது. முருகையாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இவங்க ரெண்டு பேரும் கால் வழுக்கினா மொதல்ல சத்தம் குடுப்பாங்க, நம்ம பொழைச்சுக்கலாம். இவன் இருக்கானே, விழுந்து கீழ போய்ச் சேந்தப்புறந்தான் ஐயோம்பான்!"

"தகவல் தொடர்பு நல்லது, தகவல் தொடர்பு குறைவு" என்றார் குகனேஸ்வரன்.

மிஸ் லிம் பேனாவை வைத்துவிட்டாள். "அங்கிள், அவர் அவ்வளவு நேரம் பேசினார், சிரித்தார். நீங்கள் நாலு வார்த்தை சொல்கிறீர்கள். எனக்கு அவர் மனசில் ஆளுக்கு ஆள் பிரித்துப் போடுகிற கோடு வேண்டும், ஆபீஸ் கோடு வேண்டாம். இதையெல்லாம் பிறகு கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பிள்ளை கேட்டு எழுதப் போகிறாள்." குகனேஸ்வரன் சிவப்புப் பொட்டைப் பார்த்தார். முருகையா சொன்னதை, விழுந்தவன் போடும் ஐயோ உட்பட, அப்படியே திருப்பிச் சொன்னார்.

அடுத்த மூன்று சீட்டு: துரை, மாடசாமி, பேரில்லாதது. முருகையா சிரிப்பை நிறுத்திவிட்டான். துரை சீட்டையும் பேரில்லாத சீட்டையும் ஒன்றாக நகர்த்தினான். "இவங்க பூட்ஸ்ல சேறு ஒட்டாது. அண்ணன் சேத்துல நின்னவரு."

குகனேஸ்வரன் சொன்னார், மிஸ் லிம் எழுதினாள். மேசைக்கு அடியில் அவருடைய காலில் பளபளவென்று துடைத்த கறுப்பு ஷூ இருந்தது. அதை அவர் குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் ஜெயா வந்தாள், கத்தரிக்காரி, வாயாடி. மளமளவென்று பேர் சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த ஒரு சீட்டுக்கு வந்ததும், "அது கிடக்கட்டும் லா ஐயா, வெறுஞ்சீட்டா வைங்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மிஸ் லிம் மறுபடியும் ஒரு எக்ஸ் போட்டாள். பேர் சொல்லாத ஒரு ஆள் எல்லார் கட்டத்திலும் வருகிறாரே என்று ஆச்சரியப்பட்டாள். குகனேஸ்வரனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று மூன்று வருஷமாகப் பயந்திருந்தாரே, ஒன்றும் ஆகவில்லை. 'ஓகோ' என்று மட்டும் தோன்றியது. அடுத்த சீட்டுக்குப் பேர் கேட்டார்.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி மோகனா எதிரில் நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்னா?" என்றார்.

"கொழம்புல உப்பே போடலைங்க. வேணும்னுதான் போடல. நேத்தும் போடல." அவள் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "ஒரு மனுஷன் உப்பில்லன்னுகூட ஏசாம சாப்பிட்டா, பொண்டாட்டி என்னன்னு நினைக்கறது?"

"நாளைக்கு நவமணி வருது" என்றார். மாடசாமியின் மனைவி. மோகனாவுக்கு என்ன புரிந்ததோ, "காய்ச்சல்னு சொல்லி நின்னுருங்களேன்" என்றாள். நிற்கலாம்தான். ஆனால் மற்றவர்கள் சந்தேகப்பட்டுச் சொல்வது வேறு, நவமணிக்குத் தெரிந்திருப்பது வேறு. அவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதும் என்று இன்னும் ஒரு நப்பாசை ஒட்டிக்கொண்டிருந்தது. உப்பில்லாத சோற்றை முடித்துவிட்டுக் கை கழுவினார்.

நவமணி காட்டிலிருந்து நேராக வந்தாள். தலையில் துண்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, "வணக்கங்கய்யா" என்றபடி வந்து உட்கார்ந்தாள். எப்போதும் போலத்தான் சொன்னாள். புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. வேலையில் இல்லாத ஒருவர் என்றதும் "அவரு" என்றாள். குகனேஸ்வரன் 'மாடசாமி' என்று எழுதினார். அந்த ஒரு சீட்டு வந்தபோது அவள் கூரையையும் பார்க்கவில்லை, முகத்தையும் துடைக்கவில்லை. வெள்ளைச் சீட்டைத் தானே எடுத்து மற்ற சீட்டுகளோடு வைத்தாள். "இது இப்படியே இருக்கட்டும்."

முதல் மூன்று நல்லபடியாகப் போனது. இரண்டாவதாக மிஸ் லிம் போட்டது துரை, மாடசாமி, வெள்ளைச் சீட்டு.

"இவங்க ரெண்டு பேரும் அனுப்பறவங்க" என்றாள் நவமணி. "அவரு போறவரு. அன்னிக்கிக் காலையில பெரட்டு முடிஞ்சு வீட்டுக்கு வந்தாரு. என்னா, திரும்பி வந்துட்டீங்கன்னு கேட்டேன். ஏழுக்கு மெசினு கொண்டு போகச் சொல்லிட்டாங்க, பழைய பூட்ஸு வழுக்கும், வேற மாத்திக்கறேன்னாரு. போகாதீங்கன்னேன். சொன்னா போகணும்ல, நம்ம போகலன்னா அந்த மனுஷனுக்குத் துரைகிட்ட ஏச்சு விழும், பாவம்னாரு."

வெளியே லோரி ஒன்று கொழுந்து மூட்டையோடு இறங்கிப் போனது.

"மேலதிகாரி, தொழிலாளி" என்றார் குகனேஸ்வரன். அது அவராகச் சொல்லவில்லை, முப்பத்து நாலு வருஷத்துப் பழக்கம் சொன்னது.

மிஸ் லிம் அதை எழுதிக்கொள்ளவில்லை. சிவப்புப் பொட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள்.

அவர் மறுபடி தொடங்கினார். பெரட்டு முடிந்தது, பூட்ஸ் மாற்றியது, போகாதீங்க என்றது எல்லாம் வந்தது. 'பாவம்' என்ற இடத்துக்கு வந்ததும் அதற்கு மலாய்ச் சொல் எது என்று ஒரு நிமிஷம் தேட வேண்டியிருந்தது. இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடாக இருந்த ஆளுக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை. கடைசியில் தமிழிலேயே சொல்லிவிட்டார். மிஸ் லிம் அதை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

அவனுக்கு இவர் பாவமாம்! இவர் ஏச்சு வாங்கக் கூடாதென்று பூட்ஸ் மாற்றிக்கொண்டு போயிருக்கிறான். அதை இவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்று வருஷமும் 'வணக்கங்கய்யா', மூன்று தீபாவளிக்கும் முறுக்கு. நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்திலேயே அவர் உடைந்து அழுதிருக்க வேண்டும். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மேசையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார், விரலுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவதாக விழுந்தது நவமணியின் சொந்தச் சீட்டு, மாடசாமி, வெள்ளைச் சீட்டு.

அவள் மூன்றையும் பார்த்தாள். மாடசாமி சீட்டையும் வெள்ளைச் சீட்டையும் ஒன்றுமேல் ஒன்று வருமாறு சேர்த்துவிட்டு, தன்னுடையதைத் தள்ளி வைத்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் அன்னிக்கே போயிட்டாங்க. நான் இன்னும் இருக்கேன்."

குகனேஸ்வரன் இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. மிஸ் லிம் தாளின் ஒரு ஓரத்தில் 'அன்றைக்கே போனவர்', மறு ஓரத்தில் 'இன்னும் இருப்பவர்' என்று எழுதினாள். இனி எட்டுச் சீட்டுக்கும் மார்க் போட வேண்டும். சுத்தமாகப் போனவர் என்றால் ஒன்று, முழுசாக இருப்பவர் என்றால் ஐந்து, நடுவில் இருந்தால் அதற்கேற்ற எண். கட்டத்தை நிரப்புவது குகனேஸ்வரன் வேலை. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நான் அஞ்சு" என்றாள் நவமணி. "கஷ்டப்பட்டு அஞ்சு."

எழுதினார்.

"அவரு ரெண்டு."

அவர் பேனா நின்றது. "நவமணி, ஒண்ணுன்னா..."

"தெரியுங்கய்யா. போனவருதான். ஆனா முழுசா போகல. கறி வாங்குனா நெஞ்செலும்பு எடுத்து வச்சிடுறேன், அவருக்குப் பிடிக்கும்னு. மழை வந்தா வெளிய காயற அவரு சட்டைய எடுத்து உள்ள போடு போடுன்னு மனசு அடிச்சுக்குது, சட்டையே இல்ல. வீட்டுக்குள்ள கொஞ்சம் நடமாடிக்கிட்டுத்தான் இருக்காரு. ரெண்டு போடுங்க."

இரண்டு போட்டார்.

அவள் வெள்ளைச் சீட்டின் மேல் விரலை வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், சீட்டைப் பார்த்தே சொன்னாள். "இது ஒண்ணு."

ஒன்று என்று எழுதினார். சுத்தமான, நேரான ஒன்று. கிராணிக் கை.

மிஸ் லிம் தாளை எட்டிப் பார்த்துப் புருவத்தைச் சுளித்தாள். "அங்கிள், அந்த வெள்ளைச் சீட்டு ஆள் உயிரோடு இருப்பவரா?"

"ஆமா."

"செத்தவருக்கு இரண்டு, உயிரோடு இருப்பவருக்கு ஒன்று. எண்ணை மாற்றிப் புரிந்துகொண்டிருப்பாரோ? இன்னொரு தடவை கேளுங்கள்."

"மாறலை."

"நீங்கள் அவரிடம் கேட்கவே இல்லையே."

குகனேஸ்வரன் வெள்ளைச் சீட்டைத் தன் பக்கம் இழுத்து, அதில் தன் பேரை எழுதினார். ஏழு எழுத்து. எழுதி முடித்து மிஸ் லிம்மின் பக்கம் திருப்பி வைத்தார். தமிழ் படிக்கத் தெரியாதவள், ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தவுடன் அவள் நிறம் மாறியது. பிறகு அவர் அந்தச் சின்னக் கருவியைக் கிட்டே நகர்த்திக்கொண்டு மலாயில் பேசினார். அறிக்கை எழுதிய அதே மலாய்தான். "மாடசாமி தன் விருப்பப்படி போகவில்லை. ஏழாம் நம்பர் காட்டுக்கு மெஷினோடு போகச் சொன்னது நான். ஈரம் என்று அவன் சொன்னான். போ என்று சொன்னேன். விசாரணைக்குப் பொய் எழுதிக் கொடுத்ததும் நான்தான்."

நவமணிக்கு மலாய் நன்றாகவே தெரியும். அவள் அழவில்லை, ஏசவில்லை, எழுந்து போகவுமில்லை. தலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவர் அவளுடைய ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் தேவலை என்று இருந்தது.

"இன்னும் எத்தனை கட்டம் இருக்கு?" என்று கேட்டாள்.

அவர் தாளைப் பார்த்து எண்ணினார். "இந்த வரிசையில அஞ்சு."

"அப்ப முடிச்சிருவோம். ரெண்டு மணிக்குக் கொழுந்து நிறுக்கணும்" என்றாள் நவமணி. "அடுத்த சீட்டு யாரு?"

குகனேஸ்வரன் பேனாவைப் பிடித்துக்கொண்டு அடுத்த சீட்டின் பேரைப் படித்தார்.